உனக்காக நான் கேட்டு வாங்கிய ஓட்டுகள்

நைனா,

சாப்பிட்டுவிட்டுப் படி. படித்த பிறகு உனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் நான் ஒரு அதட்டுப் போட்டாலே தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகிறவன் நீ. இது அதட்டு இல்லை. இந்த முறை திட்டு வாங்க வேண்டியவள் நான்.

செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் நடுவில் எனக்குத் தைரியம் போய்விடும். பிள்ளைகளே படித்து, பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் விருதுக்கு உன் புத்தகத்தையும் சேர்த்து ஆறு புத்தகங்களைப் பரிந்துரைத்தார்கள் அல்லவா? அதில் நம் கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருமே உனக்குப் போட்டார்கள் என்று நீ துள்ளிக் குதித்தாய். அந்த ஓட்டுகள் ரத்தாகிவிட்டன. நடந்ததைப் போய்ச் சொல்லி ரத்தாக வைத்தது நான்தான். ஏனென்றால் அந்த ஓட்டுகளைக் கேட்டு வாங்கியதும் நான்தான். விருது நடத்துகிறவர்கள் உனக்கு எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். அதற்கு முன் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியைப் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லித் தமிழ் டீச்சரிடமும் கொடுக்கப் போகிறேன். அத்தனை பிள்ளைகள் முன்னால் செய்த தப்புக்கு உன் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பு ஆகாது.

பலகையில் நின்று படிக்கிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். நான் அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிடும். சமைப்பதற்கும் பரிமாறுவதற்கும் ஆள் உண்டு. ஆனால் முட்டையை மட்டும் என் கையால்தான் போடுவேன். இதில் எனக்கு ஒரு கர்வம். வரிசையில் வருகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தே காலையில் வீட்டில் நாஷ்டா சாப்பிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, இரும்பு உருக்குகிற கம்பெனிகளை ஒட்டி வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தட்டில் விழுகிற முட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துகொண்டுதான் செய்தேன், அதுதான் இப்போது என்னைத் தூங்க விடாமல் அடிக்கிறது.

ஆறு புத்தகங்களும் ஒரு துணிப்பையில் வந்தன. நிறையப் பிரதிகள். சாப்பாட்டு மணி முடிந்ததும் சமையலறைப் பக்கத்து வராந்தாவில் பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழ் டீச்சர் படிக்க விடுவார். ஒன்றில் குரங்குக்குப் பல் வலி. ஒன்றில் பழவேற்காட்டில் வழி தவறி நிற்கும் ஒரு பறவை. ஒன்றில் லாரியிலேயே ஊர் சுற்றும் ஒரு பெண். நீல அட்டை போட்டது உன்னுடையது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொட்டுப் பார்த்தேன். சமையல் செய்யும் அம்மாளிடமும் உதவிக்கு இருப்பவளிடமும் தூக்கிக் காட்டினேன். தமிழ் டீச்சர் சிரித்துக்கொண்டே, "தோ பாருங்கம்மா, இதுல பெரியவங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. எது புடிக்குதுன்னு பசங்கதான் சொல்லணும். அதுதான் இந்த விருதுக்கே அர்த்தம்" என்றார். "எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்று நானும் சிரித்தேன்.

தெரியும் என்று சொல்லிவிட்டு நேராக வந்து என்ன செய்தேன் தெரியுமா? ஓட்டு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் எனக்கு வேறு ஆள் ஏறிவிடுகிறது. மகளிர் குழுத் தலைவி தேர்தலில் வீடு வீடாக ஏறி இறங்கி ஜெயித்தவள் நான். பஞ்சாயத்துத் தேர்தலில் நான் கைகாட்டிய ஆள்தான் நம் தெருவில் ஜெயித்தார். கேட்காமல் யார் ஓட்டுப் போடுவார்கள் என்பது என் ரத்தத்தில் ஊறிய பாடம். மற்ற ஐந்து பேருக்கும் அம்மா இல்லையா, அவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியில் சொல்லாமலா இருப்பார்கள் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். மறுநாள் சாப்பாட்டு வரிசையில் ஒவ்வொரு தட்டிலும் முட்டையை வைக்கும்போது குனிந்து, "அந்த நீலக் கலர் அட்ட புக்கு எம்புள்ள எழுதனது. அதுக்குத்தான் போடணும், இன்னா?" என்றேன். பிள்ளைகள் தலையாட்டின. ஓட்டுப் போடுகிற நாள் வரைக்கும் தினமும் இதையே செய்தேன். போடாவிட்டால் முட்டை கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முட்டை என் கையில் இருக்கும்போது அதை நான் தனியாகச் சொல்லவா வேண்டும்?

ஓட்டு முடிந்து நம் பள்ளியின் கணக்கு தெரிந்ததும் நீ பெங்களூரிலிருந்து பேசினாய். "அம்மா, நம்ம ஸ்கூல் பசங்கமா. யாரும் சொல்லாம அவங்களாவே எடுத்துக்கினாங்க. எனக்கு இது போதும்மா, விருது வராட்டியும் பரவால்ல" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக நீ பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "ஆமாடா, உன் புக்க கீழ வைக்கவே இல்ல பசங்க" என்று கூசாமல் சொன்னேன். முதலில் செய்தது ஆசையில் செய்தது. இது பச்சைப் பொய்.

அதற்குப் பிறகுதான் மினதி முட்டை வாங்காமல் போக ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்பு. ஒடிசாக்காரப் பெண். அப்பாவுக்கு உலைப் பக்கம் வேலை. வந்த புதிதில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் என் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் கேட்பாள். இப்போது நம் ஊர்ப் பேச்சை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறாள். என் முன்னால் வந்ததும் தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவர்கள் ஊரில் ஏதோ விரதம் போலிருக்கிறது என்று நினைத்தேன். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு, அதை நீட்டினால் அதையும் வேண்டாம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் கையால் கொடுப்பதை ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்வதாவது. வரிசை முடிந்த பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"இன்னா மினதி, விரதமா?"

"இல்ல டீச்சர்."

"அப்பால இன்னாத்துக்கு வேணான்ற?"

"நான் ஒங்க புள்ள புக்குக்குப் போடல டீச்சர்."

"அதுக்கு?"

"முட்ட குடுத்துக் கேட்டீங்க இல்ல. நான் அத துன்னுட்டு வேற புக்குக்குப் போட்டுட்டேன். அந்தக் கொரங்கு புக்குதான் எனக்கு ரொம்பப் புடிச்சிது. அப்பறம் எப்டி முட்ட வாங்கறது?"

நைனா, அது ரகசிய ஓட்டு. சீட்டை மடித்து அட்டைப் பெட்டியில் போட்டார்கள். யார் எதற்குப் போட்டார்கள் என்று தமிழ் டீச்சருக்கே தெரியாது. அவள் வாயைத் திறக்காமல் தினமும் முட்டையை வாங்கித் தின்றுகொண்டிருக்கலாம். நான் சமாளிக்கப் பார்த்தேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லடி, தட்ட நீட்டு" என்றேன். அவள் நீட்டவில்லை. "அப்ப இன்னாத்துக்கு முட்ட போட்டுக்கினே சொன்னீங்க?" என்று கேட்டாள். எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். என் வயதுக்கு எத்தனையோ பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன், அன்றைக்கு ஒரு ஆறாம் வகுப்புப் பெண் முன்னால் முட்டைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன். அவள் போகும்போது என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். "ஒங்க புள்ள புக்கும் நல்லாத்தான் கீது டீச்சர். ஆனா அது எனக்கு ரெண்டாவது" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். வள்ளூர் அனல்மின் நிலையத்து வேலையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வாய் திறப்பதே அபூர்வம், அதற்கும் நான்தான் காரணம் என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லாரையும் போடச் சொன்னியே, நீ அந்த புக்க படிச்சியா மொதல்ல?" என்றார். நான் படிக்கவில்லை. நீ அனுப்பிய பிரதியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து மஞ்சள் குங்குமம்கூட இட்டேன், ஒரு பக்கம் புரட்டவில்லை. என் பிள்ளை எழுதியது நன்றாகத்தான் இருக்கும், அதைப் படித்து வேறு பார்க்க வேண்டுமா என்று இருந்துவிட்டேன். அன்றைக்குத்தான் குங்குமத்தைத் துடைத்துவிட்டு எடுத்துப் படித்தேன்.

ஒரு பையன் காலையில் கொட்டாவி விடுகிறான். அவன் குரல் வாய் வழியாக வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் மைனாக்களோடு உட்கார்ந்துகொள்கிறது. அவனால் பேச முடியவில்லை. ஆனால் அது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் யார் அவனை என்ன கேட்டாலும் அவன் அம்மாவே பதில் சொல்லிவிடுகிறாள். கடைக்காரர் கேட்டால் அம்மா, வாத்தியார் கேட்டால் அம்மா, பக்கத்து வீட்டுப் பாப்பா "வெளாட வர்றியா?" என்று கேட்டால் அதற்கும் அம்மா. முதல் சில பக்கங்கள் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த அம்மா அவசரமாக வந்து நடுவில் புகுந்து பேசும்போதெல்லாம் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் என் கை இடுப்புக்குப் போயிற்று. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நீ அவளைக் கெட்டவளாக எழுதவில்லை. நல்ல குழம்பு வைக்கிறாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பதறுகிறாள். அதனால்தான் எனக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. உனக்கு ஏழு வயது இருக்கும்போது மணவாள நகரில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? அப்போது திருவள்ளூர்ப் பக்கம் குடியிருந்தோம். டாக்டர் உன்னைத்தான் பார்த்து, "தம்பி, எங்க வலிக்குது?" என்று கேட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய், ஊசிக்குப் பயந்து. "வயித்து வலி சார், கண்டத துன்னுட்டான்" என்று நான் சொன்னேன். மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். காதில் சீழ் வடிந்த பிறகுதான் வலித்தது காது என்று தெரிந்தது. "ஏண்டா அன்னிக்கே சொல்லல?" என்று உன்னைத்தான் திட்டினேன். இன்றைக்கும் நீ இடது காதில் போன் வைப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

பிளஸ் ஒன் சேர்க்கும்போது தலைமையாசிரியர் உன்னிடம்தான் என்ன குரூப் வேண்டும் என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன், சத்தியமாக உன் வாய் திறந்தது. அதற்குள் நான் "கம்ப்யூட்டர் சார்" என்றேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்று அன்று மாலையோ மறுநாளோ ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. நீ இன்று கைநிறைய சம்பாதிக்கிறாய், அதனால் நான் செய்தது சரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓட்டலில் உட்கார்ந்தால் "அவனுக்கு ரெண்டு இட்லி" என்பேன், துணிக்கடையில் "அவனுக்கு அந்த பிரவுன் சட்டை" என்பேன். உனக்கு இட்லி பிடிக்காது என்று உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைசியில், உலகத்தில் பிள்ளைகள் மட்டும் பதில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு கேள்வி நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அதற்கும் நானே பதில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் தமிழ் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு மனசு ஆறியிருப்பேன். "மூணு வாரம் பசங்களாவே படிச்சிக்கினு இருந்தாங்கம்மா. தங்களுக்குப் புடிச்சத தாங்களே பேசக் கத்துக்கினு இருந்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசை மேல் இருந்த புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நிற்கும்போதே விருதுக்காரர்களுக்குப் போன் செய்தார். எங்கள் பள்ளி ஓட்டுகளைச் சேர்க்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மறுபடி ஓட்டு நடத்த நாளும் இல்லையாம். ஆக என்னால் உனக்கு வர இருந்ததும் போயிற்று, பல் வலிக் குரங்குக்கு மினதி போட்ட ஒற்றை ஓட்டும் போயிற்று. உன் புத்தகத்தை நிஜமாகவே பிடித்துப்போய் எத்தனை பிள்ளைகள் போட்டிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. பத்துப் பேரோ இருபது பேரோ இருந்திருப்பார்கள். அவர்களையும் உன்னிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உனக்கு நிச்சயம் கிடைத்திருக்கக்கூடியது அந்தப் பத்து இருபது பேர்தான்.

பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது நடுவில் நின்று, "நான் முட்ட குடுத்து ஓட்டு கேட்டது தப்பு. முட்ட எல்லாருக்கும் உண்டு, யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றேன். மினதி இப்போது தட்டை நீட்டுகிறாள். ஆனால் நான் செய்தது அதோடு முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பொடியன் இருக்கிறான், அவனுக்கு நான் சொன்னது புரியவே இல்லை. தினமும் வரிசையில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, "ஒங்க புள்ள புக்கு சூப்பர் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் தட்டை நீட்டுகிறான். அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராது. அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

அறிவுரை சொல்லாமல் உனக்கு நான் எழுதியதே இல்லை, இதிலும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உனக்குப் பிள்ளை பிறந்தால் யாராவது அதனிடம் ஏதாவது கேட்பார்கள். அது உடனே பதில் சொல்லாது. தரையைப் பார்க்கும், காலால் கோடு கிழிக்கும், உன் சட்டையைப் பிடித்து இழுக்கும். பேஜாராகத்தான் இருக்கும். கேட்டவர் உன்னைப் பார்ப்பார், நீயே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். அந்த நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றுவிடு. உன் விஷயத்தில் எனக்கு அது ஒருநாளும் வரவில்லை. உனக்கு வரும், அந்தப் புத்தகத்தை எழுதத் தெரிந்தவனுக்கு வரும்.

விருது உனக்கு வராது போலிருக்கிறது. நம் பள்ளி ஓட்டு இல்லாமல் நீ முன்னால் இல்லை என்று டீச்சர் சொன்னார். கோபம் வந்தால் கோபப்படு. "பரவால்லமா" என்று மட்டும் உடனே சொல்லிவிடாதே, அது நான் உன் வாயில் வைத்துப் பழக்கிய சொல்.

ஓட்டெல்லாம் முடிந்து ரத்தான பிறகும் நேற்று சில பிள்ளைகள் வராந்தாவில் உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். யாரும் சொல்லி எடுத்தது இல்லை, அதை மட்டும் நீ நம்பலாம். கடைசிப் பக்கத்தில் குரல் ஜன்னல் வழியாகத் திரும்பி வருகிறது, பையன் வாயைத் திறக்கிறான், அதோடு கதையை முடித்துவிட்டாய். அவன் முதலில் என்ன சொன்னான் என்பதுதான் சண்டை. "பசிக்குதுன்னான்" என்று ஒருவன். "இல்ல, அந்தப் பாப்பாகூட வெளாடப் போறேன்னான்" என்று ஒருத்தி. மினதி நேராக என்னிடம் வந்து, "டீச்சர், நீங்கதான் இத எழுதனவங்க அம்மா. ஒங்களுக்குத் தெரியும் இல்ல, அவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். பதில் ஒன்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது நைனா. விழுங்கிக்கொண்டேன். "எனக்குத் தெரியாதும்மா, அவனத்தான் கேக்கணும்" என்றேன்.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போ. நான் சமையலறைக்குள்ளேயே இருந்துகொள்கிறேன். அங்கிருந்து எனக்கும் கேட்கும். அவன் சொன்னது அவன் அம்மாவைப் பற்றியதாக இருந்தாலும் குறைக்காமல் சொல்.

உன் அம்மா